சரிவான தரையில் கேம்பர் வேனை மட்டமாக நிறுத்துவது: அனுபவப் பகிர்வு

பதிவு 1
6 மீட்டர் டுகாட்டோ (ஃபியட் வேன்), குறுக்குக் கட்டில், ஜெர்மனி

படுத்துத் தூங்கும் வேனை மட்டம் செய்வது என்றதும் எல்லோரும் சக்கரத்துக்கு அடியில் வைக்க எந்தக் கட்டை வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கட்டை இரண்டாவது. வண்டி எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதுதான் முதலாவது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும்.

6 மீட்டர் டுகாட்டோவின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 4035 மி.மீ. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர். அப்படியானால் ஒரு டிகிரி சாய்வைத் திருத்த நீளவாக்கில் 7 செ.மீ. தூக்க வேண்டும். அகலவாக்கில் 3 செ.மீ.க்குச் சற்று மேல் தூக்கினால் போதும். கடையில் கிடைக்கும் மூன்று படி பிளாஸ்டிக் சாய்கட்டையின் மேல்படி சுமார் 10 செ.மீ. அதை முன்சக்கரங்கள் இரண்டுக்கும் வைத்தால் 1.4 டிகிரிதான் திருந்தும். அதே ஜோடியைத் தாழ்ந்த பக்கத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வைத்தால் 3 டிகிரிக்கு மேல் திருந்தும்.

19 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 3 டிகிரி. மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினால் முன்பக்கத்தை 21 செ.மீ. தூக்கியாக வேண்டும், எந்தச் சாய்கட்டையாலும் ஆகாத காரியம். வண்டியைத் திருப்பிச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தினால் 9.5 செ.மீ. போதும், ஒரே ஜோடிக் கட்டையில் வேலை முடியும். குறுக்காக நிற்கும் வண்டி தானாக உருளவும் உருளாது. இடம் இருக்கிறவரை நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

குறுக்காக நிறுத்தும்போது பக்கக் கதவு மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கதவுப் பக்கம் பள்ளத்தில் இருந்து, அந்தப் பக்கத்தையே 10 செ.மீ. தூக்கிவிட்டால், படிக்கும் தரைக்கும் நடுவே குழந்தைகளும் வயதானவர்களும் இறங்க முடியாத உயரம் வந்துவிடும். மடக்குப்படி இருந்தாலும் அது காலுக்கு எட்டாமல் அந்தரத்தில் நிற்கும்.

பதிவு 2
மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேன், சொந்தமாக உள்கட்டுமானம் செய்தது

கணக்குக்கு முன்னால் அளக்கும் கருவி சரியாக இருக்க வேண்டும். மேசையில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதில் பலருக்கும் பிழை வருகிறது. மடக்கு மேசை தானே ஒரு டிகிரி தொங்கும். கட்டில் பலகையும் நம்பத் தக்கது அல்ல. வேனின் தரைப்பலகையில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, மிதியடியை எடுத்துவிட்டு வையுங்கள். உறிஞ்சுமுறை கேஸ் ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் அதன் ஐஸ் அறைக்குள் தரையில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம், ஏனென்றால் அந்த வண்டியில் மட்டத்தை அதிகம் கேட்கிற பொருள் அதுதான்.

ரசமட்டமே சரியா என்று பார்ப்பது எளிது. ஓரிடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே தலைமாற்றி 180 டிகிரி திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அதே மேட்டுப் பக்கம் அதே அளவு ஒதுங்கினால் கருவி சரி, தரைதான் சாய்வு. வேறு அளவு காட்டினால் இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை. கைப்பேசிச் செயலிக்கும் இதே சோதனை உண்டு. கேமரா துருத்திக்கொண்டிருக்கும் கைப்பேசியை மல்லாக்க வைத்தாலே ஒரு டிகிரிக்கு மேல் பொய் சொல்லும். அதன் நீண்ட விளிம்பை ஊன்றி வைத்துப் பாருங்கள்.

டாஷ்போர்டில் ஒட்டும் குறுக்கு நெடுக்குக் குமிழி இரண்டு யூரோ பொருள்தான், ஆனால் அதை வாங்கிய அன்றே ஒட்டாதீர்கள். முதலில் வேனின் தரையைச் சரியாக மட்டம் செய்துவிட்டு, பிறகு குமிழி நடுவில் நிற்கும்படி அடியில் பசைத்துண்டு கொடுத்து ஒட்ட வேண்டும். டாஷ்போர்டு வளைந்த பொருள். அதை அப்படியே நம்பி ஒட்டினால் தினமும் தவறான மட்டத்தில் நிற்பீர்கள்.

தரைச் சரிவை வெளியே வைத்து முன்கூட்டியே பார்க்க நம் ஊர்க் கொத்தனாரின் டியூப் மட்டம் போல வேறு இல்லை. 6 மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், காற்றுக் குமிழி இல்லாமல். சக்கரம் நிற்கப்போகும் இடத்தில் ஒரு முனையும் எதிர்ச் சக்கரத்தின் இடத்தில் மறுமுனையும் பிடித்தால் எத்தனை சென்டிமீட்டர் தேவை என்று நேராகவே அளந்துவிடலாம். டிகிரியை நினைக்கவே வேண்டாம்.

பதிவு 3
டுகாட்டோ, நோர்வே

அண்ணை சொன்ன கணக்கு சரி. ஆனால் புல்தரையில அந்தக் கணக்கு ஒரு மணித்தியாலத்தில பிழைச்சுப்போகும். 3500 கிலோ வானில ஒவ்வொரு சில்லிலயும் 800, 900 கிலோ நிக்கும். பின்பக்கம் இன்னும் கூட. அவ்வளவு பாரத்தை 20 செ.மீ. அகலம், 55 செ.மீ. நீளமான பிளாஸ்டிக் கட்டைக்குக் கொடுத்தால் அது ஈரக் களிமண்ணுக்குள்ள மெல்ல மெல்ல இறங்கும். அதுவும் சமமாக இறங்காது, சில்லு நிக்கிற உயர்ந்த பக்கம்தான் கூட இறங்கும். அதால கட்டை கவிழப் பார்க்கும்.

கட்டைக்குக் கீழே 18 மி.மீ. பிளைவுட் பலகை போடுங்கோ. 30க்கு 70 செ.மீ. அளவு போதும். பாரம் தாங்குற பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். பலகையின்ர ஒரு தலைப்பில துளை போட்டு ஒரு முழக் கயிறு கட்டி வைச்சால், வெளிக்கிடேக்க சேத்துக்குள்ள கைவிட்டுத் தேடத் தேவையில்லை. மழைக் காலத்தில நிப்பாட்டினால் பத்து நிமிசம் கழிச்சு ஒருக்கா, படுக்கப் போக முதல் ஒருக்கா குமிழியைப் பாருங்கோ.

இன்னொரு விசயம், கட்டை பாயுறது. டுகாட்டோ முன்சில்லு இழுவை. முன்சில்லு கட்டையில ஏறத் தொடங்கேக்க டயர் கட்டையைப் பின்பக்கமாக இழுத்து எறியும். ஈரப் புல்லில அது வானுக்குக் கீழால துவக்குக் குண்டு மாதிரிப் போகும். ஆரும் சில்லுக்கு நேர பின்னுக்கு நிக்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். இதுக்கு மருந்து ஒரு ரப்பர் விரிப்புத் துண்டு. 60 செ.மீ. துண்டை எடுத்து, பாதியைக் கட்டையின்ர தாழ்ந்த முனைக்குக் கீழ திருகாணியால பொருத்துங்கோ. மீதிப் பாதி முன்னுக்கு நீட்டிக்கொண்டு கிடக்கும். டயர் முதல் அந்த ரப்பரில ஏறி அதை அமத்தும், பிறகுதான் கட்டையில ஏறும். தன்ர பாரத்தாலயே கட்டையைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

பதிவு 4
6 மீட்டர் டுகாட்டோ, ஜெர்மனி (முதல் பதிவைத் தொடர்ந்து)

ரப்பர் துண்டு யோசனை மிகச் சரி. அதோடு இதையும் சேர்க்கிறேன்: முன்சக்கர இழுவை வண்டியில் முடிந்தவரை பின்சக்கரங்களைக் கட்டையில் ஏற்றப் பாருங்கள். இழுக்கிற சக்கரங்கள் மண்ணிலேயே இருப்பதால் பிடி நழுவாது. மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் பின்பக்கம்தான் தாழ்ந்திருக்கும். கட்டையைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து ரிவர்ஸ் எடுங்கள். பின்சக்கர இழுவை ஸ்பிரிண்டரில் இது அப்படியே தலைகீழ்.

ஏறும் முறை: ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். கட்டை டயரைத் தொட்டபடி, டயர் போகும் கோட்டிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு செ.மீ. விலகினாலும் டயரின் தடத்தில் ஒரு பகுதி வெளியே தொங்கும். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளுக்கு அது நல்லதல்ல. வெளியே ஒருவர் ஓட்டுநருக்குத் தெரியும்படி, பக்கவாட்டில் நின்று கைகாட்ட வேண்டும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றுவது கூடாது. கருகிய வாடை வந்தால் ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு படி ஏறியதும் வண்டி தானாகக் குழியில் உட்காரும், அங்கே நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். கட்டையின் மேல் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பவே கூடாது. பிளாஸ்டிக் படியின் விளிம்பு உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

தானியங்கி கியர் உள்ளவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. கால் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். அதன் பிறகுதான் பார்க்கிங் நிலை. முன்பே போட்டால் முழுப் பாரமும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லில் விழும். காலையில் கியரை எடுக்கும்போது டம்மென்று சத்தம் வந்தால் காரணம் அதுதான்.

வண்டி உருளாமல் முட்டுக் கொடுக்கும் தடைக்கட்டை எங்கே? கட்டையில் ஏறாமல் தரையிலேயே நிற்கும் சக்கரத்துக்கு, இறக்கப் பக்கம். கட்டை மேல் நிற்கும் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால், கட்டையே வழுக்கும்போது முட்டும் கூடவே போகும்.

பதிவு 5
ஐவெகோ டெய்லி, பின்னால் இரட்டை டயர்

ஒரு சந்தேகம். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டிக்கு இந்த 20 செ.மீ. கட்டை பொருந்துமா? வெளி டயருக்கு மட்டும் வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

பதிவு 6
ஸ்பிரிண்டர்

போதாது. வெளி டயரை மட்டும் தூக்கினால் உள் டயர் அந்தரத்தில் நிற்கும். இரண்டு டயர் சுமக்க வேண்டியதை ஒன்று சுமக்கும், அதுவும் இரவு முழுக்க. உள்ளும் வெளியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். அதைவிட மரத்தில் அகலமாகச் செய்துகொள்வது நல்லது.

மரக்கட்டை செய்யும் அளவும் சொல்லிவிடுகிறேன், ஒற்றை டயருக்கு. 45 மி.மீ. தடிமன், 22 செ.மீ. அகலமுள்ள பைன் பலகை. 90 செ.மீ., 60 செ.மீ., 30 செ.மீ. என மூன்று துண்டு. ஒரு முனை சமமாக இருக்கும்படி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி அடியிலிருந்து திருகாணி போட வேண்டும். ஏறும் பக்க விளிம்புகளை 45 டிகிரியில் சீவிவிடுங்கள். கிடைக்கும் உயரங்கள் 4.5, 9, 13.5 செ.மீ. வழக்கமான மூன்று படி பிளாஸ்டிக் கட்டை எட்டாத உயரம் இது. மேல்படி 30 செ.மீ. இருப்பதால் டயர் முழுதாக உட்காரும். மறுமுனை செங்குத்தாக இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அங்கே 5 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றை அடித்து வைத்தால் தாண்டி விழாது. ஒரு கட்டை ஏறத்தாழ 9 கிலோ வரும். ஜோடி 18 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையான 3500 கிலோ வரம்பை ஒட்டி ஓடுகிற வண்டிக்கு இது கணக்கில் வர வேண்டிய பாரம்.

அமெரிக்காவில் ஒன்றோடொன்று பூட்டும் ஓர் அங்குலக் கட்டைகள் பரவலாக விற்கின்றன. அவை நல்லவை. ஆனால் எண்ணிக்கையை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 3 அங்குலம் ஏற ஒரு சக்கரத்துக்கு மூன்று, இரண்டு, ஒன்று என ஆறு கட்டை. 4 அங்குலத்துக்குப் பத்து. இரட்டை டயர் என்றால் அதன் இரு மடங்கு.

பதிவு 7
6.4 மீட்டர் டுகாட்டோ, நீளக் கட்டில், இங்கிலாந்து

ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கும் இடங்களில் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. சரளைக்கல் தளத்தில் ஒரு குழி, வலது முன்சக்கரம் அதில். குழியை நிரப்பும் அளவுக்கு அந்தச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் சரிதான். ஆனால் முழுத் தரையும் சாய்வாக இருக்கும்போது ஒரே சக்கரத்தைத் தூக்கி மட்டம் செய்ய முயல்வது பெரிய தவறு. ஸ்பிரிங்குகள் அதை விழுங்கிவிடும். ஒரு மூலையை 10 செ.மீ. தூக்கினால் பக்கச் சாய்வு ஏறக்குறைய பாதிதான் திருந்தும். மீதி உயரம் வண்டியை முறுக்குவதற்குப் போகிறது. பக்கக் கதவு பூட்டு இடிக்கும், உள்ளே அலமாரிக் கதவு தானாகத் திறக்கும், ஜன்னல் சட்டம் கிறீச்சிடும். இவையெல்லாம் முறுக்கின் அடையாளம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டல் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் தேவையான உயரத்தை எழுதுங்கள். முன் இடது, பின் வலது இரண்டையும் கூட்டுங்கள். முன் வலது, பின் இடது இரண்டையும் கூட்டுங்கள். தரை சீரான சரிவு என்றால் இரண்டு கூட்டலும் ஒன்றாக வர வேண்டும்.

எடுத்துக்காட்டு: மூக்கு 1 டிகிரி தாழ்வு, இடது பக்கம் 1.5 டிகிரி தாழ்வு. பின் வலது சக்கரம் மேட்டில் இருக்கிறது, அதற்கு 0. முன் வலதுக்கு 7 செ.மீ. பின் இடதுக்கு 4.7. முன் இடதுக்கு இரண்டும் சேர்ந்து 11.7. கையில் இருக்கும் படிகள் 4, 7, 10. எனவே முன் இடது 10, முன் வலது 7, பின் இடது 4 என வைத்தால், குறுக்குக் கூட்டல் 10க்கு 11. ஒரு செ.மீ. முறுக்கு ஒன்றும் செய்யாது. மூக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். பக்கவாட்டில் அரை டிகிரிக்கும் குறைவாக மிச்சம் இருக்கும். அத்தோடு விடுங்கள். அரை டிகிரிக்காக மறுபடி இறக்கி ஏற்றுவது டீசலுக்கும் கிளட்சுக்கும் அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கும் கேடு.

மூன்று கட்டை ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே திசையில் வையுங்கள், ஒரே படியில் உட்கார வேண்டியவற்றை ஒரே தூரத்தில். முன்சக்கரம் இரண்டாம் படியில் உட்காரும்போது பின்சக்கரம் முதல் படியில் உட்கார வேண்டுமென்றால், பின் கட்டையை அந்த ஒரு படியின் நீளம் தள்ளி வைக்க வேண்டும். இதை யோசிக்காமல் வைத்தால் ஒன்று சரியாக உட்காரும்போது மற்றது இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கும்.

தூக்குவதற்குப் பதிலாகத் தாழ்த்தவும் செய்யலாம். மணலிலும் தளர்ந்த சரளையிலும் மேட்டுச் சக்கரத்துக்கு அடியில் 5 செ.மீ. தோண்டினால் அது 5 செ.மீ. தூக்கியதற்குச் சமம். புல்தரை முகாம்களில் இதைச் செய்யவே கூடாது. தோண்டிய இடங்களில் புறப்படும் முன் நிரப்பிவிட்டுப் போவது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை.

பதிவு 8
பழைய ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்காக

ஃபிரிட்ஜைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் செலவு பெரியது.

கேஸிலும் 12 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் ஓடும் உறிஞ்சுமுறை ஃபிரிட்ஜில் மோட்டார் கிடையாது. அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. கீழே கொதிகலம் சூடாகி அம்மோனியாவை மேலே தள்ளுகிறது. மற்றதெல்லாம் புவியீர்ப்பில் சரிவான குழாய் வழியே வழிந்து திரும்புகிறது. வண்டி சாய்ந்தால் அந்தக் குழாயின் வளைவுகளில் திரவம் தேங்கிவிடும். கொதிகலம் வறண்டு அளவுக்கு மேல் சூடேறும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் பிரிந்து படிகமாகிச் சிறு குழாயை அடைக்கும். ஒரு நாளில் கெடுவதில்லை. ஒவ்வொரு சாய்ந்த இரவும் கொஞ்சம் அடைப்பைச் சேர்க்கிறது, போனது திரும்பாது. ஓடும் வண்டியில் இது நடக்காததற்குக் காரணம், குலுக்கலில் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதுதான்.

பழைய பல மாடல்களின் கையேடு சொல்வது: ஃபிரிட்ஜைப் பார்த்து நின்றால் இட வலமாக 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி. இங்கே ஒரு நுணுக்கம். வேனில் ஃபிரிட்ஜ் பெரும்பாலும் நடைவழியைப் பார்த்து, முதுகு பக்கச் சுவரில் ஒட்டி நிற்கும். ஃபிரிட்ஜுக்கு இட வலம் என்பது வேனுக்கு முன் பின். எனவே கறாரான 3 டிகிரி மூக்குத் தூக்கலுக்குத்தான் பொருந்தும். உங்கள் மாடலின் கையேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், புதியவை கூடுதல் சாய்வைப் பொறுக்கும். மட்டமே கிடைக்காத இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் சில மணி நேரம் குளிர் தாங்கும்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். நாம் படுத்து உருளாத சாய்வில் அது தாராளமாக ஓடும்.

பதிவு 9
டுகாட்டோ, நோர்வே

ஃபிரிட்ஜ் பிரச்சினை இல்லாத ஆக்கள் பிறகேன் மட்டம் பார்க்க வேணும் எண்டு கேக்கலாம். நித்திரைக்குத்தான். கால்பக்கம் பள்ளமாய்க் கிடந்தால் ஒண்டும் தெரியாது, தலைப்பக்கம் பள்ளமாய்க் கிடந்தால் விடிய தலையிடி. படுக்கை பக்கவாட்டில சரிஞ்சால் எல்லாத்தையும் விட மோசம், ஒருத்தர் மற்றவரில உருண்டுகொண்டே இருப்பினம். 6 மீட்டர் வானில கட்டில் குறுக்கால கிடக்கிறதால, வானின்ர பக்கச் சாய்வுதான் உங்கட தலை கால் சாய்வு. ஆக, அந்த வானில பக்கவாட்டில ஒரு டிகிரி மிச்சம் இருந்தால் தலைப்பக்கம் உயர விடுங்கோ, முன் பின்னைத்தான் இறுக்கிப் பாருங்கோ. நீளக் கட்டில்காரருக்கு நேர்மாறு.

தண்ணியையும் யோசியுங்கோ. குளிக்கிற தட்டில வடிகால் ஒண்டு மட்டும் இருந்தால் அந்த மூலை அரை டிகிரி தாழ்ந்து நிக்க வேணும், இல்லாட்டி தண்ணி மற்ற மூலையில தேங்கிக் கதவுக்குக் கீழால வெளிய வரும். நல்லதண்ணித் தொட்டியில உறிஞ்சு குழாய் உயர்ந்த பக்கம் வந்தால், அளவுமானி கால்வாசி எண்டு காட்டேக்கையே பம்ப் காத்தை இழுத்துத் தடதடக்கும். டீசல் ஹீட்டருக்கும் இதே கதை. அதின்ர குழாய் டீசல் தொட்டியின்ர அடிவரை போகாது. கால் தொட்டிக்குக் கிட்ட வந்தாலே நிண்டுபோகும், சரிவில இன்னும் முந்தி. நோர்வேக் குளிரில ராத்திரி ரெண்டு மணிக்கு ஹீட்டர் நிண்டால் முதல் பாக்க வேண்டியது இதுதான்.

மூக்குப் பள்ளமாய் நிக்கிற வானில இழுவைக் கதவு தானாய் முன்னுக்கு ஓடி வந்து சாத்தும். அது கனத்த கதவு. பிள்ளையளின்ர விரல் கவனம். திறந்து வைக்கிறதெண்டால் கொளுக்கி மாட்டி வையுங்கோ.

பதிவு 10
ஸ்பிரிண்டர்

கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் திருகி இறக்கும் மடக்குக் கால்கள் வண்டியைத் தூக்குவதற்கு அல்ல, ஆட்டம் நிற்பதற்கு. முதலில் கட்டையில் ஏற்றி மட்டம் செய்யுங்கள். பிறகு கால் தரையைத் தொடும்வரை இறக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று. அவ்வளவுதான். அதைக் கொண்டு சாய்வைத் திருத்தினால் கால் வளையும், அல்லது பொருத்திய இடத்தில் தகடு கிழியும்.

தானாக மட்டம் செய்யும் ஹைட்ராலிக் கால்கள் நான்கு வைத்தால் பட்டனை அழுத்தினால் போதும். வேலை அழகாகச் செய்யும், ஆனால் வண்டியின் எடையைக் கணிசமாகக் கூட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அபாயம் ஒன்றுதான்: ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும் பிடிக்கும். செங்குத்தான இடத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்துவிட்டால் வண்டியைப் பிடித்திருப்பது கால்கள் மட்டுமே. சக்கரம் தரையை விடுகிற அளவுக்குச் சாய்வு இருந்தால் அந்த இடம் வேண்டாம். இறக்கும்போதும் தடைக்கட்டை இருக்கட்டும். கால்களில் நிற்கும் வண்டிக்கு அடியில் எதற்காகவும் போகாதீர்கள்.

பின்னால் துணைக் காற்றுப்பை உள்ளவர்கள் அதில் காற்றை ஏற்றிப் பின்பக்கத்தைச் சில செ.மீ. உயர்த்தலாம். இறக்கித் தாழ்த்தவும் செய்யலாம். காலையில் புறப்படும் முன் தயாரிப்பாளர் சொன்ன ஓட்ட அழுத்தத்துக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். காற்று இல்லாத பையில் ஓட்டினால் ரப்பர் மடிந்து அறுந்துபோகும்.

பதிவு 11
6 மீட்டர் டுகாட்டோ, ஜெர்மனி

எங்கே கட்டை வைக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முகாம்களிலும் கேம்பர்களுக்கென ஒதுக்கிய தளங்களிலும் தடையில்லை. பொதுத் தெருவில் கதை வேறு. ஜெர்மனியில் ஓட்டுநர் களைப்பு நீங்க ஓர் இரவு வண்டிக்குள் தூங்குவதை ஏற்கிறார்கள். வெய்யில்மறைப்பை விரிப்பது, நாற்காலி போடுவது எல்லாம் முகாமிடுவதாகக் கருதப்படும். ஸ்பெயினில் போக்குவரத்துத் துறை 2008-இல் தந்த வழிகாட்டல், வண்டி சக்கரங்களால் மட்டுமே தரையைத் தொட்டால்தான் அது வாகன நிறுத்தம் என்றது. கால்களை இறக்கினால் அது வாகன நிறுத்தமாகக் கருதப்படவில்லை. ஆகவே தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இடத்தைத் தேர்வு செய்வதே மட்டம் செய்வது. மழைநீர் ஓடத் தெருவின் ஓரம் எப்போதும் சற்றுச் சரிந்திருக்கும். எதிர்ப்பக்க ஓரத்துக்குப் போனாலும் வண்டியும் திரும்பி நிற்பதால் வண்டியின் அதே பக்கம்தான் தாழும். குறுக்குக் கட்டில்காரர்கள் தலை எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது தாழ்ந்த பக்கம் வந்தால் தலையணையை மறுமுனைக்கு மாற்றுங்கள்.

இறங்கும்போது நடக்கும் தவறுகளும் குறைவல்ல. வரிசை இது: பின்கால்கள் மேலே, மடக்குப்படி உள்ளே, ஜன்னல்கள், கேஸ். பிறகு ஓட்டுநர் கால் பிரேக்கில், எஞ்சின் ஓட, வெளியே ஒருவர் தடைக்கட்டையை எடுக்கலாம். தடைக்கட்டை இறுகி வராவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். வண்டியை இரண்டு செ.மீ. மேட்டுப் பக்கம் நகர்த்தினால் தானாகத் தளரும். ஏறிய வழியே இறங்குங்கள், முன்னால் தாண்டி இறங்கினால் கட்டையின் செங்குத்து முனையில் வண்டியின் அடித்தகடு இடிக்கும். கட்டையை எடுத்ததும் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விலா எலும்பு போன்ற பிளாஸ்டிக் தடுப்புகளில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அடுத்த முறை உடையப்போகிறது என்று பொருள். குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம்.